அண்ணி மூடிய வேலிக்கதவு

மலை ஏறும் வழியில் பாதியில் ஒரு அம்மா சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். கூட வந்தவர்கள் எல்லோரும் வளைவு தாண்டி மேலே போய்விட்டார்கள். அவர் மட்டும் முகம் சிவக்க, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வழிகாட்டியாகப் போயிருந்த என் அண்ணி உடனே தானும் இறங்கி, "சனியன், சங்கிலி கழண்டுடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தள்ள ஆரம்பித்தாராம். இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு உச்சிவரை நடந்தே போயிருக்கிறார்கள். மேலே காத்திருந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "என் வண்டிதாங்க மக்கர் பண்ணுது. பாவம், இவங்க எனக்குத் துணைக்கு நடந்து வந்தாங்க" என்றாராம் அண்ணி.

அன்று சாயந்திரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த அம்மா இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அண்ணி அப்போதுதான் கை கழுவ அடுக்களைத் தொட்டிக்கு வந்திருந்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். கழன்ற சங்கிலியை எடுத்து மாட்டியவர் கையில் ஒரு பொட்டு மசகு இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"சோப்பு தீந்துபோச்சு, வேற எடுத்து வை" என்றார்.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் அவர்கள் வீட்டோடு வந்து சேர்ந்தேன். மர அறுவை ஆலைக்குப் போகும் தெருவின் கடைசியில் எங்கள் வீடு. மாடி அறைகளில் சைக்கிள்காரர்கள் வந்து தங்குவார்கள். கீழே முன்பக்கக் கொட்டகையில் அண்ணன் சைக்கிள் பழுது பார்ப்பார். அங்கே எப்போதும் ரப்பர் பசை வாசனை. பின்பக்கத்து அடுக்களை என் பொறுப்பு. ஈரச் சட்டைகள் காய, அடுப்புக்கு மேலே அண்ணன் ஒரு கம்பி கட்டியிருந்தார். மழைக்காலத்தில் சூப்புப் பானைக்குள் யாருடைய காலுறையாவது விழுந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டே கிண்டுவேன்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் அண்ணி காட்டுச் சாலை போடும் கூட்டத்தில் கூலிக்கு இருந்தவர். மரம் ஏற்றும் லாரிகளுக்காகக் காட்டுக்குள் போட்ட சாலைகளில் தார் கிடையாது, வெறும் சரளைக்கல். ஒரு மழைக்கு அரித்துப் பள்ளமாகிவிடும். மண்வெட்டியால் பள்ளத்தை நிரப்பி, சாலைக்கு அடியில் போகும் குழாய்களில் சருகு அடைத்தால் குடைந்து எடுப்பது அவர் வேலை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக அவருக்கு ஒரு பழைய சைக்கிள் கொடுத்திருந்தார்கள். அப்படித்தான் காட்டில் சைக்கிள் விடும் ருசி அவருக்கு ஒட்டிக்கொண்டது. பிற்பாடு தடித்த டயரும் வளைந்த கைப்பிடியுமாகப் புதுமாதிரி சைக்கிள்களை எடுத்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். கிராவல் சைக்கிள் என்று அவர்கள் சொல்வார்கள். தார்ச்சாலையை விட்டுவிட்டு, வேண்டுமென்றே கல்லிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்று செய்த வண்டி அது. "நல்ல ரோடு இருக்கும்போது இவங்களுக்கு என்ன தலையெழுத்து" என்று அண்ணன் கேட்டார். அண்ணிக்கு மட்டும் ஆச்சரியமாக இல்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வழி வகுக்க ஆரம்பித்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் சரளை அண்ணி ஆகிவிட்டார், அவரைவிட மூத்தவர்களுக்குக்கூட.

பல வழிகள் வகுத்தார். ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது ஒன்றில்தான். ஆலைக்குப் பின்னால் கிளம்பி, ஊசியிலைக் காட்டுக்குள் ஏறி, முகட்டோடு கொஞ்ச தூரம் போய், மறுபக்கம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும் வழி அது. அங்கிருந்து ஆற்றங்கரையோடு மரப்பாலம் வரை போய், தண்டவாளம் எடுத்துவிட்ட பழைய ரயில் பாதை வழியாக ஊருக்குத் திரும்பலாம். நடுவில் ஒரே ஒரு முடிச்சு. மலையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் இடத்தில் மாட்டுக்காரர் ஒருவரின் மேய்ச்சல் புல்வெளி இருந்தது. மேலே ஒரு வேலிக்கதவு, கீழே ஆற்றுப் பக்கம் ஒரு வேலிக்கதவு. இரண்டையும் கடந்துதான் போக வேண்டும். அது இல்லையென்றால் லாரி ஓடும் பெரிய சாலையில் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அந்த மாட்டுக்காரருக்கு அண்ணன் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. வணக்கம் சொன்னால்கூடத் தலையை அசைப்பாரே ஒழிய வாயைத் திறக்க மாட்டார். வழி விட மாட்டேன் என்று வருஷக்கணக்காகத் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தார். அண்ணி விடாமல் போய்க்கொண்டே இருந்தார். கேட்பதற்குப் போகவில்லை, சும்மா போய் வேலி ஓரத்தில் உட்கார்ந்து மாடுகளைப் பார்த்துவிட்டு வருவார். கடைசியில் ஒருநாள் அந்த மனிதர் வாயைத் திறந்தார்.

"உன்ன நம்பித்தான் விடுறேன். ரெண்டு கதவும் உன் பொறுப்பு."

அன்றிலிருந்து அண்ணிக்குக் கதவு ஒரு விரதம் மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் முழுவதும் உள்ளே போன பிறகு தான் கடைசியாக வந்து, கதவைச் சாத்தி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, ஒருமுறை இழுத்தும் பார்ப்பார். "பாத்த கதவ மூடுங்க" என்பதுதான் விருந்தாளிகளுக்கு அவர் சொல்லும் முதல் பாடம். வீட்டிலும் அப்படியே. நான் அடுக்களை அலமாரியைத் திறந்து உப்பை எடுப்பதற்குள் பின்னாலிருந்து அவர் கை வந்து சாத்திவிடும்.

"இவ சொர்க்கத்துக்குப் போனாலும் உள்ள நுழைஞ்சதும் வாசலச் சாத்திட்டுத்தான் மறுவேல பாப்பா" என்பார் அண்ணன். "பின்னால வர்ற நாமெல்லாம் வெளியதான் நிக்கணும்."

"உங்கள உள்ள விடுறதா இருந்தா தானே அந்தக் கவலை" என்பார் அண்ணி.

ஒரு கோடையில் அது நடந்தது. கூட்டம் வருவதற்கு முன்னால் அண்ணி தனியாக ஒருமுறை அந்த வழியைச் சுற்றிவிட்டு வருவது வழக்கம். விழுந்த கிளைகளை ஒதுக்குவார். மண் சரிந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார். அன்று புல்வெளியின் கீழ்க்கதவு விரியத் திறந்து கிடந்திருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் தனியாக வந்துபோன எவனோ திறந்துபோட்டுப் போய்விட்டான் என்று அண்ணிக்குக் கோபம். மாடுகள் மேல்பக்கம் மரநிழலில் நின்றிருந்தன. நல்ல வேளை, ஒன்றும் வெளியே போகவில்லை என்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, சங்கிலியை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. "கை இருக்கு, கால் இருக்கு, ஒரு கதவச் சாத்தத் தெரியல" என்று சப்பாத்தைக் கழற்றி வீசினார்.

மறுநாள் அந்தி நேரத்தில் மாட்டுக்காரரே எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் எங்கள் தெருவுக்குள் வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணன் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"வேலிய பூட்டிட்டேன். இனிமே யாரும் வர வேணாம்" என்றார்.

அண்ணன் பதறிப்போய் விசாரித்தார். அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மாடுகளின் தண்ணீர்த் தொட்டிக்கு வரும் குழாய் உடைந்துவிட்டது. மகள் வீட்டுக்குப் போய் ஒரு நாள் தங்கி வர வேண்டியிருந்ததால், மாடுகள் தாமாக ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொள்ளட்டும் என்று கீழ்க்கதவைத் திறந்து கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கதவு மூடியிருக்கிறது. அந்த வெயிலில் மாடுகள் கதவை முட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருக்கின்றன. சினையாக இருந்த ஒன்று முள்கம்பியைத் தாண்டப் பார்த்துக் கால்வாயில் விழுந்து கிடந்திருக்கிறது.

"மாடு பிழைச்சுடும். கன்னு போச்சு" என்றார். பிறகு அடுக்களை வாசலில் நின்றிருந்த அண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"போன வாரம் நம்ம மாடியில தனியா வந்து தங்கினானே, அந்த மஞ்சச் சட்டைக்காரன், அவன் வேலையாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன். "அப்பவே நெனச்சேன். திரும்பி அந்தப் பக்கம் சுத்திட்டு இருக்கான் போல."

அண்ணி கையிலிருந்த கரண்டியை மேசைமேல் வைத்தார். "நான்தாங்க மூடினேன்" என்றார்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பி, "அவர் இருந்தப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"வாய் வரல."

"வராததும் நல்லதுதான். சொல்லாத. அந்த ஆளு உன் ஒருத்தி மொகத்துக்காக வழி விட்டவன். நீதான்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் திறக்க மாட்டான். எவனோன்னு நெனச்சா நாலு மாசத்துல கோவம் ஆறிடும். அப்புறமா போய்ப் பேசிக்கலாம்."

அண்ணன் கெட்டவர் இல்லை. அந்த வழி அண்ணிக்கு என்ன என்று தெரிந்துதான் சொன்னார். அண்ணியும் தலையசைத்தார். ஆனால் அதன்பிறகு வந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வந்திருந்த கூட்டத்தைப் பெரிய சாலை வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். லாரி ஒன்று உரசுவதுபோல் போனதில், ஒரு விருந்தாளி சாலையோரத்துச் சாக்கடையில் விழுந்து முழங்கை சிராய்ந்து வந்தார். அண்ணிதான் மருந்து போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் அந்த மஞ்சள் சட்டைக்காரர் போன் செய்து அறை கேட்டார். அண்ணன், "உங்களுக்கு இங்க இடம் கிடையாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். உண்மை தெரிந்திருந்தும் அண்ணனே ஒரு வேகத்தில் மஞ்சள் சட்டைக்காரர்தான் குற்றவாளி என்று நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்திருந்தார்.

அன்று நான் வெங்காயம் உரிக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீதான் சாமிகிட்டப் பேசுறவளாச்சே. நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

"சாமிக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே அண்ணி. தெரியாதது அந்த மனுஷனுக்குத்தான்."

"வழி போயிடும்டி."

"போகும்."

அவர் என்னோடு சேர்ந்து கொஞ்சம் வெங்காயம் உரித்தார். பிறகு, "காலைல நீயும் வா. தனியா போனா பாதியில திரும்பிடுவேன்" என்றார்.

எனக்கு சைக்கிள் விட்டுப் பழக்கம் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அண்ணனுடைய பழைய வண்டியை எடுத்துக்கொண்டேன். நான் ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். ஆனால் அண்ணி ஏன் இந்த வழிக்கு உயிரை விட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காட்டுக்குள் நுழைந்ததும் ஆலையின் ரம்பச் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. டயருக்கு அடியில் சரளைக்கல் நெரியும் சத்தம் மட்டும்தான், யாரோ பக்கத்தில் மெல்லப் பேசிக்கொண்டு வருவது மாதிரி. மரங்களுக்கு நடுவில் வெயில் துண்டு துண்டாக விழுந்து கிடந்தது. முகட்டுக்குப் போனதும் கீழே ஆறு வளைந்து வளைந்து போவது தெரிந்தது. நான் என்னையறியாமல் இறங்கி நின்று கண்ணை மூடி ஒரு வார்த்தை பிரார்த்தனை செய்தேன்.

"இங்க எல்லாருமே நிப்பாங்க" என்றார் அண்ணி. "சாமி இல்லைன்னு சொல்றவங்களும் நிப்பாங்க. மூச்சு வாங்குதுன்னு சொல்லிக்குவாங்க."

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். மேல்கதவில் புதுப்பூட்டு தொங்கியது. மாட்டுக்காரர் உள்ளே தொட்டியடியில் குனிந்து நின்றிருந்தார். அடிபட்ட மாடு வயிற்றில் தையலோடு தனியாகக் கட்டியிருந்தது. அண்ணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே பேசினார்.

"கீழ்க்கதவ நான்தான் மூடினேன். யாரோ திறந்துபோட்டுட்டாங்கன்னு நெனச்சேன். திறந்து கட்டியிருந்த கயிறக்கூட கவனிக்கல. அன்னைக்கு நீங்க வந்தப்ப சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் நிமிரவில்லை. தொட்டியின் உட்பக்கத்தைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சங்கிலிய மாட்டினியா?" என்று கேட்டார்.

"மாட்டி இழுத்தும் பாத்தேன்."

"தெரியும்" என்றார். "உன்ன விட்டா இங்க வர்றவன் எவனும் அந்தக் கொக்கிய ஒழுங்கா மாட்டினது கிடையாது. மாடு ரெண்டு முட்டு முட்டினா திறந்துக்கும். அன்னைக்குத் திறக்கல. பாத்ததுமே யார்னு தெரிஞ்சுபோச்சு."

அண்ணி வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சுதான் வீட்டுக்கு வந்தீங்களா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க. இந்தம்மாவுக்கு மேடு ஏறத் தெம்பு இல்ல" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

திரும்பும் வழியில் அண்ணி அழவில்லை. மேட்டில் நான் தள்ளியபோது தானும் இறங்கித் தள்ளினார். "உங்க சங்கிலியும் கழண்டுடுச்சா அண்ணி?" என்றேன். கன்று போனதற்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம், "அந்த மஞ்சச் சட்டைக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க" என்றார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கேட்டார். தங்க வந்தால் நல்ல ரொட்டி வாங்கி வைக்கிறேன் என்றும் அவரிடம் சொன்னார்.

அடுத்த வாரம் அண்ணி மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். புல்வெளிக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு ஊற்று இருந்தது. அங்கிருந்து தொட்டி வரை ஆழமாகக் குழி வெட்டிக் குழாய் பதித்தால், வண்டிச் சக்கரம் ஏறி உடையாது, கோடையிலும் தண்ணீர் நிற்காது. சாலைக்கு அடியில் எத்தனையோ குழாய் பதித்த கை அது. மாட்டுக்காரர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அண்ணி வேலியை ஏறிக் குதித்து வெட்டுவார், வேலியை ஏறிக் குதித்துத் திரும்புவார்.

"பூட்டின வீட்டுக்குள்ள குதிச்சு வேலை செஞ்சு குடுக்குற திருடிய இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அண்ணன். வலித் தைலத்தைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு வந்ததும் அவர்தான்.

மழை வந்தது, குளிர் வந்தது. தரை இறுகியபோது வேலை நின்றது, இளகியபோது தொடர்ந்தது. ஒருநாள் போனபோது குழி ஓரத்தில் இன்னொரு மண்வெட்டி சாய்த்து வைத்திருந்ததாம். அதன்பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். பேச்சு கிடையாது. அந்த நாட்களில் அண்ணி வழியைப் பற்றி அவரிடம் கேட்கவே இல்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை, "கேட்டா, அதுக்காகத்தான் வெட்டினேன்னு ஆயிடும்" என்றார்.

தொட்டியில் தண்ணீர் விழுந்த அன்று மாடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து குடித்தனவாம். தையல் போட்ட மாடும் வந்ததாம். அது முடிகிறவரை பார்த்துவிட்டு, மாட்டுக்காரர் போய்க் கீழ்க்கதவுப் பூட்டைக் கழற்றி, பிறகு மேல்கதவுப் பூட்டையும் கழற்றி, இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த வாரம் ஆளுங்க வர்றாங்களா?"

"வர்றாங்க. ரோட்டு வழியா கூட்டிட்டுப் போறேன்."

"அங்க லாரி வருது" என்றார் அவர்.

அண்ணிக்கு அப்போதுதான் கண் கலங்கியதாம். "கதவ என்ன பண்ணட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

"எப்படி இருக்கோ அப்படியே விட்டுட்டுப் போ. திறந்திருந்தா திறந்திருக்கட்டும். எனக்கு ஒரு காரணம் இருக்கும்."

அதற்குப் பிறகு அண்ணியின் முதல் பாடம் மாறிவிட்டது. ஒவ்வொரு கூட்டம் கிளம்பும்போதும் எங்கள் கொட்டகை வாசலில் நின்று சொல்வார்: "மூடியிருந்த கதவத் திறந்தா மூடுங்க. திறந்திருந்தா தொடாதீங்க. நான் ஒரு தடவ நல்லது பண்றேன்னு மூடிட்டேன். ஒரு கன்னுக்குட்டி போச்சு." கடைசி இரண்டு வரியை விட்டுவிடலாமே என்று அண்ணன் எத்தனையோ முறை சொன்னார். விருந்தாளிகள் முன்னால் என்னத்துக்கு என்பார். அண்ணி விடவில்லை. சைக்கிள் ஓட்டிய வருஷமெல்லாம், அந்த மஞ்சள் சட்டைக்காரர் வந்தபோதுகூட, அப்படியேதான் சொன்னார்.

அடுக்களை அலமாரியைச் சாத்துவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சு பலவீனமாகிவிட்டது. முதலில் மேடு ஏறுவதை விட்டார், பிறகு மாடி ஏறுவதை. கடைசியில் மருத்துவமனையில், நீளமான நடைபாதையின் கோடியில் ஒரு அறையில் படுத்திருந்தார். மாட்டுக்காரர் வந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். "ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?" என்று அண்ணன் கேட்டார். "தண்ணி நல்லா வருதாம்" என்றார் அண்ணி.

அன்று நான் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினேன். அரைக் கிண்ணம் குடித்தார். நடைபாதையில் மருந்து வண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. "உங்கண்ணன விட்டு அந்தச் சக்கரத்துக்கு எண்ணெ போடச் சொல்லு" என்றார். நான் அவர் நெற்றியில் கை வைத்துப் பிரார்த்தித்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டார். முடித்துவிட்டுக் கிண்ணத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்ததும், நடைபாதைச் சத்தம் அவரைத் தூங்கவிடாதே என்று அறைக்கதவை மெல்ல இழுத்தேன்.

"ஏய்" என்றார் உள்ளேயிருந்து. நான் எட்டிப் பார்த்தேன். தலையணையில் கிடந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வரும்போது அது எப்படி இருந்துச்சு?"

"திறந்திருந்துச்சு அண்ணி."

"அப்ப விட்டுட்டுப் போ" என்றார்.